முப்பது புள்ளியும் முதியோர் நினைவும்

முதுமையில் மறதி வருவது இயல்பு என்று நெடுங்காலம் மக்கள் எண்ணி வந்தனர். "வயதாகிவிட்டது, புத்தி தடுமாறுகிறது" என்று சொல்லி வீட்டார் அமைதியுற்றனர். அம்மறதியில் ஒரு பகுதி மூளையைப் பற்றும் நோயினால் வருவது என்பதை மருத்துவ உலகம் ஏற்றுக்கொண்டு நூறாண்டுக்குச் சற்று மேலாகிறது. நோய் என்று ஏற்றுக்கொண்டவுடன் மற்றொரு வினா எழுந்தது. எது இயல்பான மறதி, எது நோயின் மறதி என்று எவ்வாறு பிரித்தறிவது? அதற்கு மருத்துவர்கள் கண்ட வழி, ஆசிரியப் பெருமக்கள் நன்கறிந்த வழியே ஆகும். வினாக்களைக் கேட்டார்கள், விடைக்குப் புள்ளி இட்டார்கள். பள்ளிக்கூடத்தில் வளர்ந்த அந்தக் கருவியைப் பள்ளிக்கூட வாயிலை மிதித்தறியாத முதியவர்முன் கொண்டுபோய் வைத்தபொழுது என்ன நேர்ந்தது என்பதை ஈண்டு ஆராய்வோம்.

பிராங்க்பர்ட்டில் ஓர் உரையாடல்

1901ஆம் ஆண்டு நவம்பர் 25ஆம் நாள், செருமனி நாட்டுப் பிராங்க்பர்ட் நகர மனநோய் மருத்துவமனையில் ஆகுஸ்தெ டேட்டர் என்னும் 51 வயது மாது சேர்க்கப்பட்டார். அங்குப் பணியாற்றிய அலோய்ஸ் அல்சைமர் என்னும் மருத்துவர் மறுநாள் அவர் அருகில் அமர்ந்து வினவத் தொடங்கினார். பெயர் என்ன என்றதற்கு ஆகுஸ்தெ என்றார். கணவர் பெயர் என்ன என்றதற்கும் ஆகுஸ்தெ என்றே சொன்னார். பூக்கோசும் பன்றியிறைச்சியும் உண்டுகொண்டிருந்தவரிடம் என்ன உண்கிறீர்கள் என்று கேட்டதற்குப் பசளைக்கீரை என்றார். எழுதுகோல், சாவி, சுருட்டு முதலிய பொருள்களைக் காட்டியபொழுது பெயர்களைச் சரியாகவே சொன்னார். சிறிது நேரம் கழித்து, காட்டிய பொருள்கள் யாவை என்று கேட்டால் நினைவில்லை. தம் பெயரை எழுதச் சொன்னபொழுது 'திருமதி' என்னும் சொல்லை எழுதியதோடு மற்றதை மறந்து நின்றார்.

கணவர் பெயரைக் கேட்ட வினாவை இங்கு நின்று பார்க்க வேண்டும். செருமானிய மாது ஒருவர் கணவர் பெயரைச் சொல்ல இயலாமற் போவது நோயின் அறிகுறி. தமிழ்நாட்டுச் சிற்றூரில் பிறந்து வளர்ந்த மூதாட்டி ஒருவர் அதே வினாவுக்கு வாய் திறவாமல் இருந்தால் அது மரபு. பக்கத்தில் நிற்கும் பேரனைச் சொல்லச் சொல்லிக் கைகாட்டுவார். வினா ஒன்றே; மௌனமும் ஒன்றே. ஆனால் பொருள் இரண்டு.

அல்சைமர் தாம் கேட்டதையும் அம்மாது விடையிறுத்ததையும் அவ்வவ்வாறே எழுதி வைத்தார். அவற்றுக்குப் புள்ளி ஏதும் இடவில்லை. 1906 ஏப்ரல் திங்களில் அம்மாது இறந்தபின், அவருடைய மூளையை நுண்ணோக்கியில் வைத்து ஆராய்ந்தார். நரம்பணுக்களுக்கு இடையே படிவுகளும், அணுக்களுக்குள்ளே முறுக்கிக்கொண்ட இழைகளும் மிகுந்திருந்தன. அதே ஆண்டு நவம்பர் 3ஆம் நாள் டூபிங்கன் நகரில் கூடிய மருத்துவர் கூட்டத்தில் இதனை அறிவித்தார். 1910இல் எமில் கிரேப்பலின் தம் பாடநூலில் இதற்கு அல்சைமர் நோய் என்று பெயர் சூட்டினார்.

அன்று இந்நோய் முதுமை எய்தாதவரைப் பற்றும் அரிய நோயாகவே கருதப்பட்டது. முதியவர்களின் அறிவுத் தேய்வு வேறு வகையைச் சார்ந்தது என்று மருத்துவர்கள் பிரித்து வைத்திருந்தனர். இப்பிரிவு ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் நின்றது. 1968இல் இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் பிளெஸ்ஸட், டொம்லின்சன், ரோத் ஆகிய மூவர், முதியவர்கள் உயிரோடிருந்தபொழுது எளிய வினாக்களுக்குப் பெற்ற புள்ளியையும், இறந்தபின் அவர்கள் மூளையில் எண்ணப்பட்ட படிவுகளின் தொகையையும் ஒப்பிட்டுக் கட்டுரை வெளியிட்டனர். படிவு மிகமிகப் புள்ளி குறைந்திருந்தது. 1976இல் அமெரிக்க நரம்பியல் மருத்துவர் ரொபர்ட் கட்ஸ்மன், இளையவருக்கு வருவதும் முதியவருக்கு வருவதும் ஒரே நோய்தான் என்று எழுதினார். அரிய நோய் அன்றோடு பெருநோய் ஆயிற்று. கோடிக்கணக்கான முதியவர்களுள் யார்க்கு இந்நோய் உண்டு என்று காண வேண்டிய தேவையும் வந்தது. ஒவ்வொருவர் மூளையையும் திறந்து பார்க்கவியலாது. ஆதலின் வினாத்தாளே கைக்கு எட்டிய கருவியாயிற்று.

தீவில் கிடைத்த பாடம்

வினாத்தாளைக் கொண்டு அறிவை அளக்கும் முயற்சி இதற்கு முன்னரே ஒருமுறை இடறி விழுந்திருந்தது. பாரிசு நகரில் அல்பிரட் பினே என்பவர், பள்ளியில் தனி உதவி வேண்டிய சிறுவர்களைக் கண்டறிய 1905இல் ஒரு தேர்வை அமைத்தார். அத்தேர்வை அமெரிக்காவுக்குக் கொண்டு சென்ற ஹென்றி கொடர்ட், 1913இல் நியூயார்க் துறைமுகத்திலுள்ள எல்லிஸ் தீவில் கப்பலிலிருந்து இறங்கிய குடியேறிகளிடம் அதனை நடத்தச் செய்தார். 1917இல் அவர் வெளியிட்ட முடிவின்படி, தேர்வு எழுதியவருள் பெரும்பகுதியினர் அறிவுக் குறையுடையவர்கள்! பல நாள் கடலில் அலைந்து வந்து, அயல்மொழிச் சூழலில் அச்சத்தோடு நின்றவர்களிடம் நடத்தப்பட்ட தேர்வு அது. ஓர் உருவத்தைக் காட்டி மறைத்து, நினைவிலிருந்து வரையச் சொன்னார்கள். எழுதுகோலையே பிடித்தறியாதவர்கள் பலர் அவர்களுள் இருந்தனர்.

அதே தீவில் பணியாற்றிய ஹோவர்ட் நொக்ஸ் என்னும் மருத்துவருக்கு இம்முறை மனநிறைவு அளிக்கவில்லை. மொழியும் எழுத்தும் தேவைப்படாத தேர்வுகளை அவர் உண்டாக்கினார். நான்கு மரக்கட்டைகளை வரிசையாக வைத்து, ஐந்தாவது கட்டையால் அவற்றை ஓர் ஒழுங்கில் தட்டிக் காட்டுவார்; எதிரில் நிற்பவர் அதேபோல் தட்டிக் காட்ட வேண்டும். 1914இல் அவர் இதனைப் பற்றி எழுதினார். தேர்வில் ஒருவன் தோற்றால் தேர்வையும் ஐயுற வேண்டும் என்னும் எண்ணம் அத்தீவிலேயே இருவருள் ஒருவருக்குத் தோன்றியிருக்கிறது. ஆயினும் முதியவர்களுக்கான தேர்வு எழுதப்பட்டபொழுது அந்தப் பாடம் யாருக்கும் நினைவுக்கு வந்ததாகத் தெரியவில்லை.

பத்து நிமிடத் தேர்வு

1975இல் மார்ஷல் போல்ஸ்டீன், சூசன் போல்ஸ்டீன், போல் மெக்ஹியூ என்னும் அமெரிக்க மருத்துவர்கள் மூவர் ஒரு சிறு தேர்வை வெளியிட்டனர். படுக்கையருகே நின்றவாறு ஏறத்தாழப் பத்து நிமிடத்தில் முடித்துவிடலாம். மொத்தம் 30 புள்ளி. 23 அல்லது அதற்குக் கீழே பெற்றவர் ஐயத்துக்குரியவர் என்பது பின்னர் வழக்காயிற்று. உலகில் இதனைப்போல் பரவிய மருத்துவத் தேர்வு வேறொன்று இருத்தல் அரிது. மூவரையும் குறை கூறுவதற்கில்லை. மருத்துவமனையில் தங்கியிருந்த நோயாளிகளை விரைவாக அறிந்துகொள்ளவே அவர்கள் அதனை ஆக்கினர். அது கண்டம் விட்டுக் கண்டம் போனது மற்றவர் செயல்.

அதன் வினாக்களை ஒரு தமிழ் மூதாட்டியின் முன் வைத்துப் பார்ப்போம். மலேசியத் தோட்டமொன்றில் நாற்பது ஆண்டு பால்மரம் வெட்டியவர். தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்வதற்காக வீட்டில் நிறுத்தப்பட்டமையால் பள்ளிக்குப் போகாதவர் என்று வைத்துக்கொள்வோம். அத்தகைய மூதாட்டியர் பலரை இந்நாட்டு வாசகர்கள் அறிவர்.

முதல் வினாக்கள் காலத்தைப் பற்றியவை. ஆண்டு, பருவம், திங்கள், தேதி, கிழமை. இது என்ன பருவம் என்று கேட்டால் அவர் என்ன சொல்வார்? வசந்தமும் இலையுதிர் காலமும் பனிக்காலமும் இல்லாத நாடு இது. தேதி கேட்டால், ஆடி பிறந்து பத்து நாளாயிற்று என்பார். ஆங்கிலத் தேதியை எதிர்பார்த்து எழுதுகோலோடு நிற்பவருக்கு அது விடையாகத் தோன்றாது. பிறந்த நாளைக் கேட்டால் அடையாள அட்டையிலுள்ளது ஒன்று, தாய் சொன்னது ஒன்று என இரண்டு இருக்கலாம். எந்த மாடியில் இருக்கிறோம் என்பது இன்னொரு வினா. வாழ்நாள் முழுதும் லயத்திலே வாழ்ந்தவருக்கு மாடிக் கணக்கு எதற்கு? பெரட்டுக்கு எத்தனை மணிக்குச் சங்கு ஊதும், எந்த நிரையில் எந்த மரம் பட்டை காய்ந்தது என்று கேட்டால் தடையின்றிச் சொல்வார். அதைக் கேட்க வினாத்தாளில் இடமில்லை.

நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்க வேண்டும். எழுதப்பட்ட வாசகத்தைப் படித்து அதன்படி கண்களை மூட வேண்டும். தாமாக ஒரு வாக்கியம் எழுத வேண்டும். ஒன்றையொன்று வெட்டும் இரண்டு ஐங்கோணங்களைப் பார்த்து வரைய வேண்டும். படித்தறியாதவர்க்கு இவற்றில் எத்தனை புள்ளி போகும் என்பதை விரல்விட்டு எண்ணலாம்.

மொழிபெயர்ப்பிலும் இடர் உண்டு. தமிழாசிரியர்கள் இதனைச் சுவைத்துப் பார்ப்பார்கள். கழித்தல் கணக்குக்கு மாற்றாக, 'உலகம்' என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லைப் பின்னிருந்து எழுத்துக்கூட்டச் சொல்வதுண்டு. அச்சொல்லுக்கு ஐந்தெழுத்து, எழுத்துக்கு ஒன்றாக ஐந்து புள்ளி. தமிழில் உலகம் என்பது நான்கெழுத்து. ஐந்தாம் புள்ளியை எங்கே தேடுவது? 2005இல் கனடாவின் மொன்றியால் நகரில் சியாட் நஸ்ரெதின் குழுவினர் வெளியிட்ட மற்றொரு தேர்வில், குறித்த ஓர் எழுத்தில் தொடங்கும் சொற்களை ஒரு நிமிடத்தில் அடுக்கச் சொல்வர். பதினொரு சொல் வந்தால் புள்ளி. தமிழில் 'க' என்று சொன்னால் கல், கடல் மட்டும் ஏற்கப்படுமா, காடும் கிளியும் குதிரையும் ஏற்கப்படுமா? உயிர்மெய் எழுத்துடைய மொழியில் அந்த வினாவை அப்படியே பெயர்த்து வைக்கவியலாது. இனி, எழுத்துத் தமிழில் வினாவை அமைத்தால் மூதாட்டிக்கு மருத்துவர் மேடைப்பேச்சுப் பேசுவதுபோல் இருக்கும். பேச்சுத் தமிழில் அமைத்தால் எந்த ஊர்ப் பேச்சு என்ற கேள்வி எழும்.

இங்கிலாந்தில் ஹொட்கின்சன் என்பார் 1972இல் அமைத்த பத்து வினாத் தேர்வும் இவ்வகையினதே. முதல் உலகப் போர் நடந்த ஆண்டைச் சொல்ல வேண்டும். நாட்டை ஆளும் முடியரசர் யார் என்று சொல்ல வேண்டும். '42, மேற்குத் தெரு' என்னும் முகவரியை நினைவில் வைக்க வேண்டும். அந்நாட்டு முதியவர்க்கு அது தம் ஊர்த் தெருவைப் போன்றது. தெருவுக்குப் பெயரும் வீட்டுக்கு எண்ணும் இல்லாத சிற்றூரில் வாழ்ந்தவர்க்கு அது வெறும் ஒலி.

எண்கள் சொன்ன உண்மை

இக்குறை மருத்துவர்களுக்கு விரைவிலேயே தென்பட்டது. 1982இல் அந்தோணி என்பவரும் அவருடைய துணைவர்களும் மருத்துவமனை நோயாளிகளிடம் போல்ஸ்டீன் தேர்வைச் சோதித்துப் பார்த்தனர். போல்ஸ்டீனும் அவர்களுள் ஒருவர் என்பது பாராட்டத்தக்கது. நோயில்லாதிருந்தும் நோயுள்ளவர் என்று தேர்வினால் தவறாகக் குறிக்கப்பட்ட அனைவரும் ஒன்பது ஆண்டுக்கும் குறைவாகப் பள்ளியில் படித்தவர்கள்!

1993இல் அமெரிக்காவின் ஐந்து வட்டாரங்களில் 18,056 பேரிடம் நடத்திய தேர்வின் முடிவுகள் வெளிவந்தன. 18 முதல் 24 வயதினரின் நடுப்புள்ளி 29; எண்பது வயதுக்கு மேற்பட்டவரின் நடுப்புள்ளி 25. கல்வியால் பிரித்துப் பார்த்தபொழுது, ஒன்பது ஆண்டும் அதற்கு மேலும் படித்தவருக்கு 29, ஐந்து முதல் எட்டு ஆண்டு படித்தவருக்கு 26, நான்காண்டும் அதற்குக் கீழும் படித்தவருக்கு 22. இந்தக் கடைசி எண்ணைக் கவனிக்க வேண்டும். ஐயத்துக்குரிய எல்லை 23. நான்காண்டுக்கு மேல் படிக்காதவருள் பாதிக்கு மேற்பட்டவர் அந்த எல்லைக்குள் விழுகின்றனர். அவர்கள் எல்லாரும் நோயாளிகள் என்று எவரும் சொல்லார்.

வயதைப் பற்றிய எண்களை இன்னும் எச்சரிக்கையாகப் படிக்க வேண்டும். இருபது வயதினரையும் எண்பது வயதினரையும் ஒரே நாளில் தேர்வுக்கு அமர்த்தி, வேறுபாடு முழுதும் மூப்பின் விளைவு என்று கூறுவது தவறு. எண்பது வயதினர் படித்த பள்ளி வேறு. படித்த ஆண்டுகள் குறைவு. தேர்வுத்தாளைக் கண்டதே குறைவு. வார்னர் ஷாய் என்னும் உளவியலறிஞர் 1956இல் சியாட்டில் நகரில் ஓர் ஆய்வைத் தொடங்கி, அதே மனிதர்களை ஏழாண்டுக்கு ஒருமுறை மீண்டும் மீண்டும் தேடிப் பிடித்துத் தேர்வு வைத்தார். அறுபது வயது வரையில் பலருடைய திறமைகள் பெரிதும் குறையவில்லை என்பதும், தலைமுறைகளுக்கிடையே உள்ள வேறுபாடே மூப்பின் தேய்வாக எண்ணப்பட்டு வந்தது என்பதும் அதனால் விளங்கின. இதனோடு செவி மந்தம், கண் புரை, கைந்நடுக்கம் ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். சொல்லிய மூன்று சொற்கள் காதில் விழாதவரிடம், அவற்றை மறந்துவிட்டீர்கள் என்று புள்ளியைக் குறைப்பது எவ்வகை நேர்மை?

அப்படியானால் முதியவர்க்கு எல்லைப் புள்ளியைத் தாழ்த்திவிடலாமே என்று தோன்றும். அதிலும் ஓர் இடையூறு இருக்கிறது. வயது ஏற ஏற நோயும் மிகுகிறது. எண்பத்தைந்து வயதினரின் நடுப்புள்ளியைக் கணக்கிடும்பொழுது, இன்னும் கண்டறியப்படாத நோயாளிகளும் அந்தக் கணக்கில் சேர்ந்து விடுகின்றனர். நோயையே இயல்பென்று கொண்டு எல்லையை வகுத்தால், "வயதாகிவிட்டது" என்று சொல்லி அமைந்த பழைய நிலைக்கே மருத்துவம் திரும்பிவிடும்.

சாங்காய் முதல் வேலூர் வரை

ஆசிய நாடுகளில் இச்சிக்கல் பெரிதாயிற்று. 1980களில் சாங்காய் நகரில் சாங் மிங்யுவான் தலைமையில், கட்ஸ்மன் துணையோடு, 55 வயதுக்கு மேற்பட்ட 5,055 பேரை ஆராய்ந்தனர். அவர்களுள் எழுத்தறியாதவர் மிகப் பலர். ஒரே எல்லையை வைத்தால் ஊரில் பெரும்பகுதி நோயாளியாகிவிடும் என்று கண்டு, மூன்று எல்லைகளை வகுத்தனர். எழுத்தறியாதவர்க்கு 17, தொடக்கப்பள்ளி வரை படித்தவர்க்கு 20, அதற்கு மேல் படித்தவர்க்கு 24. சிங்கப்பூரில் குவா ஈ ஹியோக், கோ சூ மெங் ஆகிய இருவர், வளரும் நாடுகளின் முதியவர்க்கென்றே பத்து வினாக்களாலான சிறு தேர்வொன்றை 1992இல் வெளியிட்டனர். மலேசியாவிலும் அது வழக்கில் உள்ளது.

எல்லையைத் தாழ்த்துவதைவிட வினாவையே மாற்றுவது நன்று என்று கருதியவர்கள் வட இந்தியாவில் பணியாற்றினர். அரியானா மாநிலத்துப் பல்லப்கர் வட்டாரத்துச் சிற்றூர்களில், மேரி கங்குலியும் அவருடன் உழைத்தவர்களும் போல்ஸ்டீன் தேர்வை இந்தியில் புதிதாக ஆக்கி 1995இல் வெளியிட்டனர். ஒவ்வொரு வினாவையும் ஊர் மக்களிடம் கேட்டுப் பார்த்து, இடறிய இடத்தைத் திருத்தி, மீண்டும் கேட்டுப் பார்த்து முன்னேறினார்கள். கடிகாரம் பார்த்தறியாதவரிடம், இது காலையா நண்பகலா மாலையா என்று கேட்டார்கள். ஊர் எந்த அஞ்சலகத்தைச் சேர்ந்தது என்று வினவினார்கள். நூறிலிருந்து ஏழேழாகக் கழிப்பதற்கு மாறாக இருபதிலிருந்து மும்மூன்றாகக் கழிக்கச் சொன்னார்கள். வாசகத்தைப் படித்துக் கண்ணை மூடுவதற்கு மாறாக, "என் முகத்தைப் பாருங்கள், நான் செய்வதுபோல் செய்யுங்கள்" என்று சொல்லித் தாமே கண்ணை மூடிக் காட்டினார்கள். எழுதுவதற்கு மாறாக ஒரு வாக்கியம் சொல்லக் கேட்டார்கள். தொடக்க வகுப்பில் புதிதாக வந்த பிள்ளையிடம் எதைக் கேட்கலாம், எதைக் கேட்கலாகாது என்று ஆராய்ந்து பழகிய ஆசிரியர்க்கு இவ்வேலையின் அருமை தெரியும்.

அத்தேர்வையும் மருத்துவர் ஆய்வையும் சேர்த்து 55 வயதுக்கு மேற்பட்ட 5,126 பேரை ஆராய்ந்தபொழுது, 65 வயதும் அதற்கு மேலும் உடையாருள் அல்சைமர் நோயுள்ளவர் ஏறத்தாழ 1 விழுக்காட்டினரே என்று 1998இல் அறிவித்தனர். அவர்களுள் நாலில் மூவர் எழுத்தறியாதவர். இவ்வளவு குறைந்த எண் பலரை வியப்பில் ஆழ்த்தியது. நோயே அங்குக் குறைவா, நோயுற்றவர் விரைவில் இறந்துவிடுவதால் எண்ணிக்கையில் அகப்படுவதில்லையா, அல்லது கண்டறியும் முறையிலேயே குறையா என்னும் விவாதம் நெடுநாள் நடந்தது.

இதற்கு விடை தேடியவர்களுள் ஒரு பிரிவினர், முதியவரை மட்டும் கேட்டால் போதாது, உடன் வாழ்பவரையும் கேட்க வேண்டும் என்றனர். கனடாவின் மனித்தோபா மாநிலத்துக் கிரீ பழங்குடியினரிடம் முதலில் கையாண்ட இம்முறையில், முதியவரிடம் சில எளிய வினாக்களும், அவரை நன்கறிந்த ஒருவரிடம் வேறு வினாக்களும் கேட்கப்படும். முன்பு செய்த வேலைகளைச் செய்கிறாரா? வழி தவறுகிறாரா? சொன்னதையே சொல்கிறாரா? இம்முறை பின்னர் நைசீரியாவின் இபாதான் நகருக்குச் சென்றது. அங்குள்ள யொருபா மக்களிடையே ஆண்டுதோறும் புதிதாக அல்சைமர் நோயுறுபவர் 1.15 விழுக்காடு, அமெரிக்காவின் இந்தியானாபொலிசில் வாழும் கறுப்பின மக்களிடையே 2.52 விழுக்காடு என்று 2001இல் தெரிவிக்கப்பட்டது. இரண்டு ஊரிலும் ஒரே முறையைக் கையாண்டதால் இவ்வேறுபாட்டைக் கருவியின் குறை என்று எளிதில் தள்ளிவிட முடியவில்லை. சில இடங்களில் நோய் மெய்யாகவே குறைவாக இருக்கக்கூடும் என்பதற்கு அது வலுவான சான்று.

1998இல் கொச்சியில் கூடிய ஆய்வாளர்கள், '10/66' என்று தங்கள் குழுவுக்குப் பெயரிட்டனர். இந்நோயுடையாரில் 66 விழுக்காட்டினர் வளரும் நாடுகளில் வாழ்ந்தும், ஆய்வுகளில் 10 விழுக்காட்டுக்கும் குறைவானவையே அந்நாடுகளில் நடந்தன என்பது அப்பெயரின் பொருள். சென்னையும் வேலூரும் அக்குழுவின் ஆய்வுக் களங்கள். முதியவரின் தேர்வு, உற்றாரின் வாய்மொழி, மன நிலை ஆய்வு ஆகிய மூன்றையும் இணைத்து 25 நடுவங்களில் 2,885 பேரிடம் சோதித்து 2003இல் முடிவை வெளியிட்டனர். நோயுற்றாருள் 94 விழுக்காட்டினரை இம்முறை கண்டறிந்தது. கல்வி குறைந்த நலமுடையாருள் 94 விழுக்காட்டினரையும் கல்வி மிக்க நலமுடையாருள் 97 விழுக்காட்டினரையும் நலமுடையார் என்றே சரியாகச் சொன்னது. படித்தவருக்கும் படிக்காதவருக்கும் இடையே இருந்த பெரும்பள்ளம் ஏறத்தாழத் தூர்ந்தது என்றே சொல்ல வேண்டும்.

எனினும் வேலூர்ச் சிற்றூர்களில் எதிர்பாராத ஒன்று நேர்ந்தது. அமெரிக்க மனநோய் மருத்துவர் கழகத்தின் வரையறைப்படி, அன்றாடச் செயல்கள் கெட்டிருந்தால்தான் நோய் உண்டு என்று கொள்ளப்படும். அந்த அளவைக் கொண்டு 2008இல் கணக்கிட்டபொழுது இந்தியச் சிற்றூர்ப் பகுதியில் 0.3 விழுக்காடே வந்தது. ஆய்வு நடந்த எல்லா நாடுகளிலும் அதுவே மிகக் குறைந்த எண். இதன் காரணத்தைத் தமிழ்க் குடும்பத்தை அறிந்தவர் எளிதில் ஊகிக்கலாம். வயதான தாய் அடுப்படிக்கு வராமல் இருந்தால் மருமகள் அதைக் குறையாகச் சொல்லமாட்டாள். "அம்மாவுக்கு ஒரு குறையும் இல்லை, எல்லாம் நாங்களே பார்த்துக்கொள்கிறோம்" என்பாள். கடைக்குப் போவதும் பணத்தை எண்ணுவதும் பிள்ளைகளின் வேலையாகிப் பல ஆண்டாகியிருக்கும். அச்செயல்களை அவர் செய்ய மறந்தாரா என்று கேட்டால், அவரிடம் யார் விட்டார்கள்? உற்றாரின் வாய்மொழியிலும் பண்பாடு புகுந்துகொள்கிறது. முன்னது முதியவரின் நலத்தை நோயாகக் காட்டியது; இது நோயை நலமாகக் காட்டிவிட்டது. இந்தியா முழுதும், தமிழ்நாடு உட்படப் பல மாநிலங்களில், பின்னர் நடந்த பேராய்வொன்று 60 வயதுக்கு மேற்பட்டோருள் முதுமை மறதி நோயுடையார் 7.4 விழுக்காட்டினர் என்று 2023இல் தெரிவித்தது. அல்சைமர் நோயோடு பிற வகைகளும் சேர்ந்த தொகை அது.

படித்தவர்க்கு நேரும் தீங்கு

கல்வி குறைந்தவர்க்கே இத்தேர்வுகள் தீங்கு செய்யும் என்று எண்ணிவிடலாகாது. அமெரிக்காவில் டேவிட் சுனோடன் 1986இல் தொடங்கிய ஆய்வில் 678 கன்னியர் பங்கு கொண்டனர். இறந்தபின் தங்கள் மூளையை ஆய்வுக்குத் தர அவர்கள் இசைந்தனர். அவர்களுள் பலர் ஆசிரியைகள். அவர்களில் மேரி என்னும் கன்னியார் நெடுங்காலம் வகுப்பறையில் பாடம் சொன்னவர். 101ஆம் வயதில் இறந்தார். இறுதிக் காலத்திலும் தேர்வுகளில் நல்ல புள்ளி பெற்றவர். அவருடைய மூளையைத் திறந்து பார்த்தால் அல்சைமர் நோயின் படிவுகளும் இழைகளும் நிரம்பக் கிடந்தன! கல்வியும் இடையறாத பயிற்சியும் மூளைக்கு ஒரு சேமிப்பை உண்டாக்குகின்றன, நோய் அரித்தாலும் அச்சேமிப்பைக் கொண்டு நெடுநாள் ஓட்டலாம் என்று அறிஞர்கள் இதனை விளக்குவர். அதனால் விளையும் இடரும் உண்டு. நன்கு படித்தவர் பாதித் திறமையை இழந்த பின்னும் 28 புள்ளி பெற்று, நலமாக இருக்கிறீர்கள் என்று வீட்டுக்கு அனுப்பப்படுகிறார். ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர், சொற்கள் நாவுக்கு எட்டாமல் போவதைத் தாமே உணர்ந்து மருத்துவரிடம் சென்றாலும், தேர்வுத்தாள் அவருக்கு எதிராகச் சான்று சொல்லும்.

புள்ளியைத் திருத்தும் முறைகளும் எப்பொழுதும் நன்மை பயந்தன அல்ல. மொன்றியால் தேர்வில், பன்னிரண்டாண்டும் அதற்குக் குறைவாகவும் படித்தவர்க்கு ஒரு புள்ளி சேர்த்துத் தரப்படும். எல்லை 26. அமெரிக்காவின் டல்லஸ் நகர மக்களிடம் நடத்திய ஆய்வில் 66 விழுக்காட்டினர் அந்த எல்லைக்குக் கீழே நின்றனர் என்று 2011இல் அறியப்பட்டது. ஒரு புள்ளி என்ன செய்யும்? இனத்தைக் கொண்டு திருத்திய முறையோ பெரும் அநீதியில் முடிந்தது. அமெரிக்கத் தேசியக் காற்பந்துக் கழகத்தின் பழைய ஆட்டக்காரர்கள், தலையில் பட்ட அடிகளால் அறிவுத் தேய்வுற்றதற்கு இழப்பீடு பெற ஓர் உடன்பாடு இருந்தது. கறுப்பின ஆட்டக்காரரின் தொடக்கத் திறமையே குறைவு என்று கணக்கில் கொள்ளப்பட்டமையால், வெள்ளையர்க்கு நோய் என்று காட்டிய அதே புள்ளி கறுப்பினத்தவர்க்கு இயல்பு என்று காட்டிற்று. இழப்பீடு மறுக்கப்பட்ட இருவர் 2020இல் வழக்குத் தொடுத்தனர். 2021இல் கழகம் அம்முறையைக் கைவிட இசைந்தது. 2022இல் நீதிமன்றம் மாற்றத்தை ஏற்றது. கல்வியின்மையும் வறுமையும் விளைத்த வேறுபாட்டை இனத்தின் பெயரால் எழுதி வைத்ததன் பயன் அது.

ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் பன்மொழி மக்கள் வாழும் பகுதியில் 2004இல் உருவான ஒரு தேர்வு வேறு வழி கண்டது. அதில் முகவரியும் அரசர் பெயரும் இல்லை. கடைக்குப் போய் வாங்க வேண்டிய தேயிலை, சமையல் எண்ணெய், முட்டை, சவர்க்காரம் ஆகிய நான்கையும் நினைவில் வைக்க வேண்டும். வண்டிகள் ஓடும் சாலையை எவ்வாறு கடப்பீர்கள் என்று கேட்பர். தாய்லாந்தில் 2015இல், கல்வி குறைந்தவர்க்கென மொன்றியால் தேர்வின் எளிய வடிவம் ஒன்றும் வந்தது.

இவையெல்லாம் ஆய்வாளர்களின் வாதமாக மட்டும் இருந்த காலம் மாறிவிட்டது. மூளையிலுள்ள படிவை அகற்றும் லெக்கனெமாப் என்னும் மருந்துக்கு 2023 சூலையில் அமெரிக்க அரசு முழு இசைவு அளித்தது. அம்மருந்தைச் சோதித்தபொழுது, போல்ஸ்டீன் தேர்வில் 22 முதல் 30 வரை பெற்றவரையே சேர்த்துக்கொண்டனர். தொடக்க நிலையில் உள்ளவர்க்கே அது பயன்படும் என்பதால் அவ்வாறு வரையறுத்தனர். நான்காண்டுக்கு மேல் படிக்காதவரின் நடுப்புள்ளி 22 என்று மேலே கண்டோம். நோய் வருமுன்னரே 21 புள்ளி பெறக்கூடிய ஒரு மூதாட்டி, நோயின் முதற்படியில் 18க்கு இறங்கியிருப்பார். அந்த அளவின்படி அவர் காலம் கடந்து வந்தவர்.

2025 மே திங்களில், குருதியைக் கொண்டு அல்சைமர் படிவை ஊகித்தறியும் சோதனை ஒன்றை அமெரிக்க அரசு முதன்முதலாக ஏற்றது. குருதிக்குப் பள்ளிப் படிப்பு வேண்டா, மொழியும் வேண்டா. ஆயினும் அச்சோதனை எல்லாருக்கும் உரியதாக வைக்கப்படவில்லை. 55 வயதும் அதற்கு மேலும் உடையவராய், நோயின் அறிகுறி தோன்றியவர்க்கே அது. அறிகுறி உண்டா இல்லையா என்று காண்பதற்கு, மருத்துவரின் அறையில் முதலில் கேட்கப்படுவன இன்றும் ஆண்டும் தேதியும் கிழமையுமே.